‘போறேன்’ என்று சொன்னால் திரும்பிப் பாருங்கள்

கீரனூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் போன வாரம் போன் செய்தார். வளைகுடாவில் தொழிலாளர்கள் தங்குகிற கேம்ப்புக்குப் பொறுப்பாளர் வேலை கிடைத்திருக்கிறதாம். “அண்ணே, இருவத்திரண்டு வருசம் கேம்ப்ப கட்டி மேச்சிருக்கீங்க. நான் எதையெல்லாம் கவனிக்கணும்?” என்று கேட்டார். அப்போது சரியாகப் பதில் சொல்லவில்லை. குக்கர் விசில் எத்தனை அடித்தது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தத் தம்பிக்கும் அவரைப்போல் புதிதாகப் போகிற மற்றவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

ரூம் ஒதுக்குவது, மெஸ், தண்ணீர் லாரி, பஸ் நேரம் எல்லாம் ஒரே மாதத்தில் கைக்கு வந்துவிடும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கே வந்தது. நான் சொல்லப்போவது ஒரே ஒரு வார்த்தையைப் பற்றி. அதை நான் ஒருமுறை தப்பாக மொழிபெயர்த்தேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு விஷயம். நான் பயந்தவன். கேஸ் வால்வை மூன்று தரம் தொட்டுப் பார்ப்பேன். சாயங்காலம் பஸ் வந்ததும் ரூம் வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணுவேன். ஒரு ஜோடி குறைந்தால் எனக்குச் சோறு இறங்காது. பையன்கள் எனக்கு ‘பதட்டம்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். பரமசிவம் என்ற பேரே பலருக்குத் தெரியாது. “டேய், பதட்டம் அண்ணே வாராருடா, அடுப்ப அணைங்கடா” என்பார்கள். அடுப்பே எரியாதபோதும் சொல்வார்கள்.

அந்தக் கேம்ப்பில் ஆரோக்கியசாமி என்று ஒருவன் இருந்தான். ஆரோக்கியம் என்றுதான் கூப்பிடுவோம். இலுப்பூர் பக்கம். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதிருக்கும். உயரத்தில் நின்று சாரம் கட்டுகிற வேலை. வெள்ளிக்கிழமை லீவில் எட்டுப் பேருக்குக் கறிக்குழம்பு வைப்பான். சட்டையை மடிப்புக் கலையாமல் தேய்த்துப் போடுவான். அவனிடம் ஓர் இஸ்திரிப் பெட்டி இருந்தது. அதை யாருக்கும் இரவல் தரமாட்டான்.

ஒருநாள் சாயங்காலம் மெஸ் பக்கம் போனபோது, அவன் சுவரோரமாக நின்று மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தான். கடைசியாக, “சரி புள்ள. நான் போறேன்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

நம் பக்கத்தில் யாராவது அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பக்கத்து வீட்டுக்குச் சல்லடை வாங்கப் போகிறவள்கூட ‘போயிட்டு வாரேன்’ என்றுதான் சொல்வாள். போனாக இருந்தால் ‘வைக்கிறேன்’ என்போம். ‘போறேன்’ என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால், ‘போறேன்னு சொல்லாத, வாரேன்னு சொல்லு’ என்று திருத்துவோம். சின்னப்பிள்ளைக்கே இது தெரியும்.

மறுநாள் அவனுடைய ரூம்காரன் ஒருவனிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

“அண்ணே, நீங்க எதுக்குத்தான் பயப்படல? போன வாரம் ஏசி சத்தம் மாறிப்போச்சுன்னு பயந்தீங்க. அதுக்கு முந்தின வாரம் முட்டைக்குப் பயந்தீங்க.”

“அவன் எப்படிடா இருக்கான்?”

“நல்லாத்தான் இருக்கான். இந்தா பாருங்க, இஸ்திரிப் பெட்டிய எனக்கே குடுத்துட்டான். நீயே வச்சுக்கடான்னான்.”

இரவல்கூடத் தராத பெட்டி அது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எதற்கும் பயப்படுகிறவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. அவன் பயத்தை மற்றவர்கள் நம்ப மாட்டார்கள் என்பது கிடக்கட்டும், அவனே நம்ப மாட்டான். நூறு பயத்தில் எது நிஜம்? அன்றைக்கு உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். முட்டைக்குப் பயந்தபோது என் மனசு ‘கெட்டுப்போயிருந்தா?’ என்று கேட்டது. ஏசிக்குப் பயந்தபோது ‘தீப்பிடிச்சா?’ என்று கேட்டது. என் பழைய பயம் எல்லாம் ‘இப்படி ஆச்சுன்னா?’ என்றுதான் தொடங்கும். ஆரோக்கியம் விஷயத்தில் மட்டும் அப்படி ஒரு கேள்வியே வரவில்லை. காதால் ஒன்றைக் கேட்டேன், கண்ணால் ஒன்றைப் பார்த்தேன். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வித்தியாசத்தை அதற்கு முன்னால் நான் கவனித்ததே இல்லை. அன்றிலிருந்து எந்தப் பயம் வந்தாலும் முதலில் அதன் வாலைத் தூக்கிப் பார்க்கிறேன்.

ஆரோக்கியத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

“என்னப்பா, ஒடம்புக்கு என்ன?”

“தூக்கம் இல்லண்ணே. நெஞ்சுல அம்மிக்கல்ல தூக்கி வச்ச மாதிரி இருக்கு. சோறு மண்ணா இருக்கு. சாரத்து மேல நின்னா கீழ பாத்துக்கிட்டே இருக்கேன்.”

“எத்தனை நாளா?”

“மழைக்கு முந்தியே.”

அந்த ஊரில் மழை ஏது? நம் ஊர் மழையை அவன் சொல்கிறான் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. கணக்குப் பார்த்தால் நாலு மாதம்.

“ஆஸ்பத்திரிக்குப் போவமா?”

“வேணாம்ண்ணே. ஆபீசுக்குத் தெரிஞ்சா பைத்தியம்னு விசாவ கேன்சல் பண்ணி அனுப்பிருவாங்க. நான் எந்த மூஞ்சியோட ஊர்ல போயி எறங்குறது?”

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதைவிடப் பெரிய பிரச்சினை, எங்கே கூட்டிக்கொண்டு போவது என்றே எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருடத்தில் பல்வலிக்கு, கல்லடைப்புக்கு, கண்ணில் தூசி விழுந்ததற்கு என்று எத்தனையோ பேரைக் கூட்டிப்போயிருக்கிறேன். மனசுக்கு என்று ஒருவனைக்கூடக் கூட்டிப்போனதில்லை. நம் ஊராக இருந்தால் யாராவது ஒருவர் இங்கிட்டுப் போங்க, அங்கிட்டுப் போங்க என்று வழி சொல்வார்கள். அங்கே மனசுக்கு எந்த வாசல்? மெடிக்கல் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் இங்கிலீஷில் பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. எனக்குப் படிக்க வரவில்லை. படிக்கத் தெரிந்தவனிடம் கொடுக்கவும் பயம், எதற்கு என்று கேட்பானே.

மறுநாள் நானே அவனை சிக் லிஸ்ட்டில் எழுதினேன். வேலைக்குப் போக முடியாதவர்களின் பெயரைக் காலையில் எழுதுகிற தாள் அது. காரணம் என்ற இடத்தில் ‘உடம்பு வலி’ என்று போட்டேன். மற்ற நோயாளிகளோடு வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

வரவேற்பு மேசையில் இருந்தவருக்கு இந்தி தெரியும். என் இந்தி கேம்ப்பில் கற்றுக்கொண்டது. மனசுக்கு என்ன வார்த்தை என்று யோசித்தேன். அத்தனை வருடம் கேட்ட இந்திப் பாட்டில் எல்லாம் மனசைத் ‘தில்’ என்றுதானே பாடுகிறார்கள்? தைரியமாகச் சொன்னேன்: “இஸ்கா தில் டீக் நஹி.” இவன் மனசு சரியில்லை என்று சொன்னதாக என் நினைப்பு.

அவர் பதறிப்போய்ச் சக்கர நாற்காலியை வரவழைத்துவிட்டார். தில் என்றால் இருதயமும்தான் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அவனை உட்காரவைத்து இருதயப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள். ரத்தம் எடுத்தார்கள். நானும் பின்னால் ஓடினேன். நிறுத்திச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. மதியம் ஒரு தாளைக் கொடுத்து, இருதயம் குதிரை மாதிரி இருக்கிறது, வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதை வாங்கும்போது நான் சிரித்துவிட்டேன். ஆரோக்கியம் சிரிக்கவில்லை. தாளைப் பார்த்து, “ஒண்ணுமில்லேன்னு எழுதிட்டாங்கண்ணே” என்றான்.

ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் சந்தோஷப்படாத மனிதன் உண்டா? எனக்கு அது அதிசயமாக இருந்தது. பின்னால்தான் புரிந்தது. உள்ளே இத்தனை பெரிய கல் கிடக்கும்போது வெளியே ஒன்றுமில்லை என்று முத்திரை குத்தினால், அவன் வேறு யாரிடம் போய்ச் சொல்வான்? ஒரு கதவை என் அரைகுறை இந்தியால் நானே சாத்திவிட்டிருந்தேன்.

ஒயர் ஒட்டிய நர்ஸ் பாலக்காட்டுப் பெண். என்னைவிட இருபது வயது சின்னவள். வேனுக்கு நடந்தபோது பின்னாலேயே வந்து கூப்பிட்டாள்.

“அண்ணா, இவருக்கு ஹார்ட்டில ஒண்ணும் இல்லை. ஒயர் ஒட்டும்போ நான் முகத்தைப் பார்த்தேன். இது மனசு. மூணாவது மாடியில மனசு டாக்டர் உண்டு. வெள்ளிக்கிழமை காலையில இருப்பார். நான் பேர் எழுதி வைக்கிறேன். கூட்டிட்டு வரணும்.”

“ஆபீசுக்குத் தெரிஞ்சா...”

“அது அப்புறம். முதல்ல வாங்க.” பிறகு ஒரு பேச்சு சொன்னாள்: “அந்த டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நீங்க சொல்லுறதுதான் அவருக்குக் கேட்கும். அவர் கேட்கிறதை அப்படியே கேளுங்க. உங்க சொந்தச் சரக்கு போடாதீங்க.”

சின்னப்பெண் எனக்குப் பாடம் எடுக்கிறாளே என்று அப்போது லேசாக ரோஷம் வந்தது. அவள் பேச்சை அப்படியே கேட்டிருந்தால் இதை நான் எழுத வேண்டியிருந்திருக்காது.

வெள்ளிக்கிழமை. மூன்றாவது மாடியில் ஊசி வாசனைகூட இல்லை. ஒரு மேசை, மூன்று நாற்காலி, காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்று. டாக்டருக்கு வயதாகியிருந்தது, நல்ல இந்தி பேசினார். ஸ்டெதஸ்கோப்பைத் தொடவே இல்லை. இவர் எதை வைத்து நோயைக் கண்டுபிடிக்கப்போகிறார் என்று எனக்கு ஒரே ஆவல். நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

கேள்வியாகக் கேட்டார். எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, முன்னால் பிடித்த சாப்பாடு எது, இப்போது அது பிடிக்கிறதா, கடைசியாக எப்போது சிரித்தாய். அப்புறம், வருத்தம் பத்துக்கு எத்தனை இருக்கும் என்றார். நான் அதை ஆரோக்கியத்திடம் கேட்டேன்.

அவன் யோசித்து, “பத்துக்குன்னா தெரியலண்ணே. கெணத்துல தண்ணி கேக்குறாரா, அடியில கெடக்குற சேறையும் சேத்துக் கேக்குறாரா?” என்றான்.

இதை இந்தியில் எப்படிச் சொல்வது? “பத்து” என்று சொல்லிவிட்டேன். டாக்டர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். அவன் அவ்வளவு நேரம் பேசினானே, ஒரே வார்த்தையாக வருகிறதே என்று நினைத்திருப்பார்.

பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறதா?

தம்பிகளே, நீங்களே சொல்லுங்கள். உயிரோடு உட்கார்ந்திருக்கிற மனுசனை, அதுவும் நம் ஊர்க்காரனை, ‘சாகணும்னு தோணுதா’ என்று எப்படிக் கேட்பது? நல்ல வார்த்தை சொல்லு என்று வளர்ந்த வாய் இது. கேட்டால் அந்த நினைப்பை நானே அவன் தலையில் போட்டதுபோல் ஆகிவிடாதா? கேன்சல் பண்ணிவிடுவார்கள் என்ற பயமும் இன்னொரு பக்கம். நான் ஒரு விநாடியில் கேள்வியை மாற்றினேன்.

“போகணும்னு தோணுதாப்பா?”

அவன் என்னை நேராகப் பார்த்தான். “போறதுன்னு முடிவே பண்ணிட்டேண்ணே.”

நான் டாக்டரிடம் திரும்பிச் சொன்னேன்: “ஊருக்குப் போக ஆசைப்படுகிறான்.”

டாக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். தூங்க மாத்திரை கொடுத்தார், பதினைந்து நாள் கழித்து வரச்சொன்னார்.

கீழே வந்து வேனில் ஏறினோம். உள்ளே ஏற்கனவே ஆறு பேர் கட்டும் மருந்துமாக உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் வண்டியை எடுத்தார். ஆரோக்கியம் கேட்டான்:

“அண்ணே, டாக்டர்ட்ட என்ன சொன்னீங்க?”

“ஊருக்குப் போகணும்னு சொல்றான்னு சொன்னேன்.”

“ஊருக்கா?”

அவ்வளவுதான் கேட்டான். லேசாகச் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்போதுதான் அந்தப் ‘போறேன்’ எனக்கு முழுசாகக் கேட்டது. சுவரோரம் நின்று சொன்னானே, அப்போதே கேட்டதுதான். கேட்டு, பயந்து, வேனில் ஏற்றி, மூன்றாவது மாடிவரை கொண்டுபோய், டாக்டர் முன்னால் நானே அதற்கு ஊர்ச் சட்டையை மாட்டிவிட்டிருக்கிறேன்.

“வண்டியத் திருப்புங்க” என்றேன்.

“என்ன ஆச்சு? கார்டு விட்டுட்டீங்களா?” என்றார் டிரைவர்.

“இல்ல. ஒரு வார்த்தைய விட்டுட்டேன்.”

பின்னால் இருந்த ஒருவன், “ஆரம்பிச்சுட்டாருய்யா பதட்டம். மாவுக்கட்டு அரிக்குதுண்ணே, கேம்ப்புக்குப் போவோம்” என்றான். தப்பாக இருந்தால்? டாக்டர் திட்டினால்? ஆபீசில் கேட்டால்? அத்தனை ‘ஆச்சுன்னா’வும் வரிசையாக வந்து நின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் ‘ஊருக்கா?’ என்ற ஒன்று தனியாக நின்றது. அது ‘ஆச்சுன்னா’ கேள்வியில்லை, நான் என் காதால் கேட்டது. வண்டியைத் திருப்ப வைத்தேன்.

மேசையில் இருந்தவர் நேரம் முடிந்தது, அடுத்த தடவை வாருங்கள் என்றார். பாலக்காட்டு நர்ஸைக் கூப்பிடச் சொல்லி நான் அங்கேயே நின்றேன். அவள் வந்து என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் மாடிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் கிளம்புவதற்குப் பையை எடுத்திருந்தார். “சார், நான் சொன்னது ராங்” என்றேன். அதற்கு மேல் எனக்கு எந்தப் பாஷையும் வரவில்லை. அவர் பையைக் கீழே வைத்து உட்கார்ந்தார். கோபப்படவில்லை. “நான் கேட்டதையே கேளுங்கள். அவர் சொல்வதையே சொல்லுங்கள்” என்றார்.

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஆரோக்கியம், செத்துப்போகணும்னு தோணுதாப்பா?”

“தோணுதுண்ணே.”

சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன் என்பதுபோலச் சொன்னான். கூரை இடிந்து விழவில்லை. அவன் தோள் ரெண்டும் கீழே இறங்கின. பிறகு, “குடிக்கத் தண்ணி கெடைக்குமாண்ணே?” என்று கேட்டான். மூன்று டம்ளர் குடித்தான். டாக்டர் அப்போது எனக்கு ஒன்று சொன்னார்: கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை, இருக்கிற எண்ணத்தை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான் என்று. இது எட்டாவதுக்கு மேல் நடத்துகிற பாடமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றே அவனை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். நான் கேம்ப்புக்கு வந்து அவன் மனைவியைக் கூப்பிட்டேன். எப்படிச் சொல்வது என்று முழுங்கினேன். அந்தப் பிள்ளை முந்திக்கொண்டது.

“எனக்குத் தெரியும்ண்ணே. ஒரு வாரமா ‘போறேன் போறேன்’னே போன வைக்கிறாக. வாரேன்னு சொல்லுங்கன்னு தெனம் திருத்துறேன். கேக்கல.”

“ஏம்மா யார்ட்டயும் சொல்லல?”

“யார்ட்டண்ணே சொல்றது? அங்க இருக்கிற ஒருத்தர் நம்பரும் எங்கிட்ட இல்லையே.”

ஒரே வார்த்தையை அங்கே அவளும் இங்கே நானும் கேட்டிருக்கிறோம். ரெண்டு பேரும் தனித்தனியாகப் பயந்திருக்கிறோம். அதற்குப் பிறகு கேம்ப்புக்கு யார் புதிதாக வந்தாலும் கட்டில் காட்டுவதற்கு முன்னால் அவன் வீட்டு நம்பரை வாங்கி, நானே கூப்பிட்டு, ‘நான் பரமசிவம், இது என் நம்பர், மனசுக்கு ஏதாச்சும் உறுத்தினா எந்நேரமும் கூப்பிடுங்க’ என்று சொல்வதை வழக்கமாக்கினேன். நீங்களும் செய்யுங்கள். எந்த ஆஸ்பத்திரியில் மனசு டாக்டர் இருக்கிறார், தமிழில் பேசுகிறவர் யார் என்பதைப் போன முதல் வாரமே விசாரித்து வையுங்கள். வேண்டியிருக்கும்போது தேடினால் ‘தில்’தான் கிடைக்கும்.

அவனுக்குத் தமிழில் பேச ஓர் ஆளை அந்த நர்ஸ்தான் கண்டுபிடித்தாள். வேறு ஊரில் மனசுக்கு ஆலோசனை சொல்கிற வேலையில் இருந்த தமிழ் அம்மா ஒருவர், வாரம் ஒருநாள் வீடியோவில் பேசுவார். கதவுக்கு வெளியே நான் காவல். உள்ளே என்னதான் பேசுகிறார்கள் என்று அறிய ஆசையாக இருக்கும். ஒருநாள் கேட்டே விட்டேன். “பாதி நேரம் எங்க அப்பாவப் பத்தி. மீதி நேரம் கறிக்கொழம்பு” என்றான். மாத்திரையும் பேச்சுமாக அஞ்சாறு மாதத்தில் சோறு சோறாகத் தெரிய ஆரம்பித்தது.

ஆபீசில் கேன்சல் பண்ணவில்லை. ஆனால் உயரத்துக்கு அனுப்பக்கூடாது என்று டாக்டர் எழுதியதால் கருவி ஸ்டோருக்கு மாற்றினார்கள். அவனுக்கு அது அவமானமாக இருந்தது. ஒருவன், “என்னடா, பேரு ஆரோக்கியம், பாக்குறது மெண்டல் ஸ்டோரா?” என்று கேலி செய்தான். நான் சண்டைக்குப் போகுமுன் அவனே பதில் சொன்னான்: “ஆமாடா. ஸ்பேனர் வேணும்னா மெண்டல்ட்டதான் கையெழுத்துப் போடணும். போடு.” அன்றைக்குத்தான் எனக்கு வயிறு நிறையச் சோறு இறங்கியது. அடுத்த வாரம் இஸ்திரிப் பெட்டியையும் திருப்பி வாங்கிக்கொண்டான். அதற்கு ரூமில் சண்டையே நடந்தது.

நாங்கள் ரெண்டு பேரும் இப்போது ஊரோடு வந்துவிட்டோம். போன மாதம் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். இலுப்பூரில் வெல்டிங் கடை வைத்திருக்கிறான். டீ குடித்தோம். பஸ் கிளம்பும்போது தாவி ஏறி, படியில் நின்று கையாட்டினான்.

“அண்ணே, போறேன்!”

நான் ஓடிப்போய் ஏறிவிட்டேன். இந்த வயதில் ஓடும் பஸ்ஸில் ஏறியதற்குக் கண்டக்டர் திட்டினார். அதைக் காதில் வாங்கவில்லை. அவனைப் படியிலிருந்து உள்ளே இழுத்து, மூச்சு வாங்க அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

“ஆரோக்கியம், சாகணும்னு தோணுதாப்பா?”

முன்சீட்டு அம்மா ஒருவர் கூடையோடு திரும்பிப் பார்த்தார். ஆரோக்கியம் விழித்தான். பிறகு புரிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

“இல்லண்ணே, நெசமா இல்ல. பஸ் எடுத்துட்டான், வாய் தவறிருச்சு. இலுப்பூருக்குத்தாண்ணே போறேன்.”

“பெரியவரே, ஒங்களுக்கு எங்க?” என்றார் கண்டக்டர். அடுத்து எங்கே நின்றாலும் இறங்கித் திரும்பலாம் என்று, “அன்னவாசல் ஒண்ணு” என்றேன்.

டிக்கெட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தேன். அப்புறம் ஆரோக்கியம் என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தான்.

“அண்ணே, இத்தனை வருசமா எல்லார் செருப்பையும் எண்ணுனீங்க. ஒங்களுக்கு எப்படிண்ணே இருக்கு? சும்மா இல்ல, நெசமாக் கேக்குறேன்.”

என்னை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நல்லாருக்கேன்ப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த டாக்டர் பையைக் கீழே வைத்தது ஞாபகம் வந்தது. கேட்டதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன்.

அன்னவாசல் வந்தது. இறங்கவில்லை. சொல்லி முடிக்க இலுப்பூர் வரை போக வேண்டியிருந்தது.